பின்தங்கியவரும் கூட்டத்தின் அறமும் – ‘ஐடல்மாஸ்டர்’ அசைவூட்டத் திரைப்படத்தை முன்வைத்து

முன்னுரை

பலர் கூடிச் செய்யும் ஒரு செயலில் ஒருவர் பின்தங்கும்போது, ஏனையோர் அவருக்காக நிற்க வேண்டுமா, அன்றி அவரை விட்டுச் செல்லலாமா என்னும் வினா மிகப் பழமையானது. போர்க்களம், வணிகச் சாத்து, அறுவடைக் களம், கூத்தர் குழு என மாந்தர் ஒன்றுகூடித் தொழிற்படும் இடங்களிலெல்லாம் இவ்வினா எழுந்துள்ளது. பின்தங்கியவரைச் சுமந்தால் செயல் கெடும். அவரைக் கைவிட்டால் கூட்டம் என்பதன் பொருளே கெடும். இவ்விரு கேடுகளுள் எதனை ஏற்பது என்பதே வினாவின் உள்ளீடு.

சப்பானிய அசைவூட்டத் திரைப்படமான ‘தி ஐடல்மாஸ்டர் மூவி: ஒளியின் மறுபுறம் நோக்கி’ (2014) இவ்வினாவைத் தன் கதையின் நடுவில் வைத்துள்ளது. பெரியதோர் அரங்கில் நிகழவிருக்கும் இசைநிகழ்ச்சிக்கு இளம்பாடகியர் குழு ஒன்று ஆயத்தமாவதே இப்படத்தின் கதை. வெளித்தோற்றத்தில் பாட்டும் ஆட்டமும் வண்ணமும் நிறைந்த வெகுசனப் படைப்பாகத் தோன்றும் இதனுள் வலுவானதோர் அறச்சிக்கல் அமைந்துள்ளது. அச்சிக்கலை எடுத்துக்காட்டி, இரு தரப்பு வாதங்களையும் சீர்தூக்கி, திருக்குறள் காட்டும் அறக்கருத்துகளின் துணைகொண்டு அதற்குத் தெளிவு காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். திருக்குறளைத் துணைக்கொள்வது இங்கு வலிந்து செய்யும் ஒப்பீடன்று. தகுதி நோக்கித் தொழில் ஒப்படைத்தலையும், உடன் இருப்போர்பால் இரக்கம் காட்டலையும் ஒரே தலைவனுக்குரிய இரு கடமைகளாக வைத்து எண்ணிய நூல் அது.

ஐடல் என்னும் கலைநிறுவனம்

சப்பானில் ‘ஐடல்’ எனப்படுவோர் பாடகர், ஆடுநர், நடிகர் என்னும் வகைகளுள் முழுமையாக அடங்காதவர். 1964-இல் சப்பானில் திரையிடப்பட்ட பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றின் வழியாக இச்சொல் அங்குப் பரவியது என்பர். 1971-இல் தொடங்கிய ‘ஸ்டார் தன்ஜோ’ என்னும் தொலைக்காட்சிப் போட்டி, இளைஞரை மக்கள் கண்முன்னே தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறையை நிலைப்படுத்தியது. அப்போட்டி வழியாக அறிமுகமான மொமோயே யாமாகுச்சி 1980-இல் தம் 21-ஆம் அகவையிலேயே மேடையிலிருந்து முற்றாக விலகினார். பின்னர் 1997-இல் ‘மோர்னிங் முசுமே’ குழுவும், 2005 திசம்பரில் தோக்கியோவின் அகிஹபாராவில் சிறு அரங்கோடு ‘ஏகேபி 48’ குழுவும் தோன்றின.

தேர்ந்த கலைஞரிடம் சுவைஞர் எதிர்நோக்குவது கலையின் நிறைவு. ஐடலிடம் எதிர்நோக்குவதோ நிறைவை நோக்கிய வளர்ச்சி. தடுமாறிய குரல் திருந்துவதையும், தயங்கிய அடி உறுதிப்படுவதையும் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து காண்பதே இக்கலையின் சுவை. எனவே குறைபாடு இங்கு மறைக்கத்தக்க இழுக்காக மட்டும் இராமல் சுவைப்பொருளின் ஒரு கூறாகவும் ஆகிறது. மற்றொரு புறத்தில், போட்டி இங்கு மிகக் கடுமையானது. 2009 முதல் 2018 வரை ஏகேபி 48 குழுவினர்க்கு ஆண்டுதோறும் சுவைஞர் வாக்களித்து வரிசை அமைத்தனர். இசைத்தட்டு வாங்குவோர்க்கு வாக்குச்சீட்டு கிடைத்தது. யார் முன்வரிசையில் நிற்பார், யார் பின்னுக்குச் செல்வார் என்பது எண்ணிக்கையால் முடிவாயிற்று. வளர்ச்சிக்கு இடந்தரும் பொறுமையும், வரிசைப்படுத்தும் கண்டிப்பும் ஒரே நிறுவனத்துள் உறைகின்றன. பின்தங்கியவர் பற்றிய வினா இக்கலையில் இயல்பாகவே எழுவதற்கு இம்முரணே காரணமாகும்.

‘ஐடல்மாஸ்டர்’ என்பது நாம்கோ நிறுவனம் 2005-இல் வெளியிட்ட விளையாட்டாகத் தொடங்கியது. ஆடுபவர் ஐடல்களை வளர்த்தெடுக்கும் தயாரிப்பாளர் நிலையில் இருந்து ஆடுவது அதன் அமைப்பு. 2011-இல் இது 25 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராயிற்று. அத்தொடரை இயக்கிய அத்சுஷி நிஷிகோரியே 2014 சனவரியில் வெளிவந்த திரைப்படத்தையும் இயக்கினார். ஏ-1 பிக்சர்ஸ் இதனை உருவாக்கியது.

கதையில் அமையும் சிக்கல்

765 புரொடக்ஷன் என்னும் சிறு நிறுவனத்தைச் சார்ந்த பெண்கள் பெயர் பெற்றுவிட்டனர். அவர்களுக்குப் பேரரங்கு ஒன்றில் நிகழ்ச்சி வாய்க்கிறது. அதில் பின்னணியில் ஆடுவதற்காகப் பயிற்சிப் பள்ளியைச் சார்ந்த இளையோர் எழுவர் சேர்க்கப்படுகின்றனர். அனைவரும் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். தயாரிப்பாளர் இந்நிகழ்ச்சிக்குத் தலைவியாக ஹருகா அமாமியை அமர்த்துகிறார். நிகழ்ச்சிக்குப் பின் பயிற்சியின் பொருட்டுத் தாம் ஹாலிவுட் செல்லவிருப்பதையும் அவர் அறிவிக்கிறார். இதனால் முடிவெடுக்கும் பொறுப்பு மூத்தோரிடமிருந்து நீங்கி, ஒத்த நிலையினருள் ஒருத்தியின் தோளில் வந்தமைகிறது.

இளையோருள் கானா யாபுகி என்பவளுக்கு ஆட்டம் எளிதில் கைவரவில்லை. இளையோர் மட்டும் பங்குகொண்ட சிறுநிகழ்ச்சி ஒன்று தடுமாற்றத்தில் முடிகிறது. அதன்பின் கானா பயிற்சிக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறாள். நாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆட்டத்தின் கடுமையைக் குறைப்பதா, வராதவளை விடுத்து முன்னேறுவதா என்னும் கேள்வி எழுகிறது. இளையோருள் ஆற்றல் மிக்க ஷிஹோ கிதாசாவா, இயன்றவர் மட்டுமாவது முன்னேற வேண்டும் என்று அழுத்தமாக உரைக்கிறாள். ஹருகாவோ உடனே முடிவு கூறாது, முதலில் கானாவின் உள்ளத்தை அறிய வேண்டும் என்கிறாள். இத்தயக்கம் தலைமைக்குரியதா என்று ஷிஹோ சினந்து வினவுகிறாள்.

படத்தின் அறச்சிக்கல் இவ்விடத்தில் முழுவடிவம் பெறுகிறது. இங்குத் தீயோர் எவரும் இலர் என்பது முதன்மையாகக் கருதத்தக்கது. வஞ்சனையோ பொறாமையோ கதையை நடத்தவில்லை. நல்லெண்ணம் உடைய இருவர், ஒரே செயலின் நன்மையை விரும்பி, எதிரெதிர் முடிவுகளுக்கு வருகின்றனர்.

ஷிஹோவின் வாதமும் அதன் வலிமையும்

ஷிஹோவின் கூற்றை இரக்கமின்மை என்று ஒதுக்குவது எளிது; ஆனால் அது முறையாகாது. அவள் வாதத்தில் மூன்று கூறுகள் உள்ளன.

முதலாவது, செயலின் நிறைவு. அரங்கத்தில் நிகழ்வது கலை. கலைக்குத் தனக்கென ஒரு தகுதிநெறி உண்டு. சிறந்த குழல்களை யாருக்குக் கொடுப்பது என்னும் வினாவுக்கு, பிறப்பாலோ அழகாலோ உயர்ந்தவர்க்கன்று, குழலைச் சிறப்பாக ஊதுவார்க்கே கொடுக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் விடை கூறினார். குழல் இருப்பது இசைக்காக. அதுபோல மேடை இருப்பது ஆட்டத்திற்காக. ஆட இயலாதவர்க்கு இடம் தருவது மேடையின் நோக்கத்தையே மறப்பதாகும்.

இரண்டாவது, உழைத்தவர்க்குரிய நீதி. பயிற்சிக்கு நாள்தோறும் வந்தவர் அறுவர் உளர். வராத ஒருத்திக்காக ஆட்டத்தை எளிமைப்படுத்தினால், வந்தவர் உழைப்பு பயனிழக்கும். இரக்கம் ஒருவர்பால் காட்டப்படும்போது அதன் விலையை மற்றவர் செலுத்த நேர்வதுண்டு. விலை செலுத்துவோரின் இசைவைப் பெறாமல் காட்டப்படும் இரக்கம், பிறர் பொருளை எடுத்து அறஞ்செய்வது போன்றதே.

மூன்றாவது, காண வருவோர்க்குரிய கடப்பாடு. அரங்கில் அமர்வோர் காலமும் பொருளும் கொடுத்து வருபவர். குழுவின் உள்நிலைகளை அவர் அறியார். அறிய வேண்டுவதும் இல்லை. அவர்க்கு உரியது நல்ல நிகழ்ச்சி.

இவ்வாதத்திற்குத் திருக்குறளிலும் அரண் உண்டு. ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர், இச்செயலை இக்கருவியால் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்த பின்னரே அதனை அவனிடம் விட வேண்டும் என்கிறார். அதற்கு முன்னுள்ள ‘தெரிந்துதெளித’லில், அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறியாதவரைத் தேர்வது எல்லா அறியாமையையும் தரும் என்று எச்சரிக்கிறார். ஷிஹோ சொல்வதும் ஏறத்தாழ இதுவே. எனவே அவள் தரப்பு, விரைவுடைய இளமனத்தின் கடுஞ்சொல் மட்டுமன்று. நெடிய சிந்தனை மரபின் ஆதரவு பெற்றது.

ஹருகாவின் நிலைப்பாடு

இத்தகைய வலிய வாதத்தின் எதிரே ஹருகாவின் நிலைப்பாடு எதனை அடிப்படையாகக் கொண்டது? இதற்கு மூவகையாக விடை கூற இயலும்.

இரக்கம் என்பது முதல் விடை. கானா வருந்துகிறாள், ஆதலின் அவளை விலக்கலாகாது என்பது இதன் வடிவம். மேற்கூறிய மூன்று கூறுகளுக்கும் முன் இவ்விடை நிற்காது. வருத்தம் ஒருவர்க்கு மேடையில் இடம்பெறும் உரிமையைத் தந்துவிடாது. அன்றியும், இரக்கத்தால் தரப்பட்ட இடம் பெறுபவரையே சிறுமைப்படுத்தும். தன் ஆட்டத்திற்காக அன்றித் தன் கண்ணீருக்காக அங்கு நிற்கிறோம் என்னும் உணர்வு ஆடுபவரை உள்ளிருந்து அரிக்கும்.

கடன் என்பது இரண்டாவது விடை. இன்று முன்னே நிற்பவர் தாமே முன்வந்தவரல்லர். முன்னொருகால் அவர்க்காகப் பிறர் காத்திருந்தனர். தொலைக்காட்சித் தொடரின் 20-ஆம் பகுதி இங்கு நினைக்கத்தக்கது. குழுவிலேயே குரல்வளத்தில் சிறந்தவளான சிஹாயா கிசராகி, தன் இளைய தம்பியின் இறப்பு பற்றிய செய்தியை இதழொன்று வெளியிட்டபின் பாட இயலாதவளாகிறாள். வீட்டைவிட்டு வெளிவரவும் மறுக்கிறாள். அப்போது அவளை மீண்டும் மீண்டும் நாடிச் சென்றவள் ஹருகா. இயன்றவர் மட்டும் முன்னேறுக என்னும் நெறி அன்று பின்பற்றப்பட்டிருந்தால், குழு தன் மிகச்சிறந்த பாடகியை இழந்திருக்கும். ஆற்றல் ஒருவரிடம் நிலையாகத் தங்குவதன்று, காலத்தால் வந்துபோவது. இன்று தகுதியுடையோர் நாளை தடுமாறுவர். எனவே தகுதியை இக்கணத்தில் மட்டும் வைத்து அளப்பது, தகுதியின் இயல்பையே தவறாக அறிவதாகும்.

சப்பானிய அரங்கக் கலையின் முதன்மைச் சிந்தனையாளரான ஸெஆமி, 1424-இல் நிறைவுற்ற ‘காக்யோ’ என்னும் நூலில், கலைஞன் தன் தொடக்கநிலையை மறவாதிருக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். இளமையின் தொடக்கநிலை மட்டுமன்றி, ஒவ்வொரு பருவத்திற்கும் உரிய தொடக்கநிலையும் உண்டு என்பது அவர் கருத்து. முதுமையும் ஒரு கற்றல் பருவமே. இக்கருத்தின்படி முழுத் தேர்ச்சியுற்றவர், தேர்ச்சியற்றவர் என்னும் இருவகையினர் இலர். வெவ்வேறு தொடக்கங்களில் நிற்போரே உளர். நடக்கையில் கால் இடறி விழும் இயல்பினளாகத் தொடர் முழுதும் காட்டப்படும் ஹருகா தலைவியாக்கப்படுவது இந்நோக்கில் பொருள் பொதிந்தது. தன் தடுமாற்றத்தை மறவாதவளுக்கே பிறர் தடுமாற்றம் புலனாகிறது.

எனினும் கடன் என்னும் விடையும் முழுமையுடையதன்று. கடன் என்பது பெற்றவர் தந்தவர்க்குத் திருப்புவது. கானா எவர்க்கும் எதுவும் தந்தவளல்லள். முன்னர்ப் பெற்றதைப் பின்வருவோர்க்கு வழங்குவது சிறந்த பண்பு. அதனைக் கண்டிப்பான கடமை என்று நிறுவுவது அரிது.

கேட்டறிதல் என்பது மூன்றாவது விடை. படத்தின் சொல்லாடலைக் கூர்ந்து நோக்கின், ஹருகா கானாவுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று முதலில் கூறவில்லை என்பது புலனாகும். அவள் கூறுவது, கானாவின் கருத்தை அறியாமல் முடிவு செய்தல் ஆகாது என்பதே. இவ்வேறுபாடு நுண்ணியது, ஆயினும் இன்றியமையாதது. இடம் தருவது வேறு, இடம் பற்றிய முடிவில் அவர் குரலுக்கு இடம் தருவது வேறு. முன்னது தகுதியைப் பொறுத்தது. பின்னது உறுப்பினர் என்னும் நிலையைப் பொறுத்தது. ஒருவர் ஆட்டத்தில் பின்தங்கியதனால் அவர் கூட்டத்தின் உறுப்பினர் அல்லாதவர் ஆகிவிடுவதில்லை. தம்மைப் பற்றிய முடிவு தாம் இல்லாதபோது தம்மைக் கேளாமல் எடுக்கப்படும்போது, அவர் உறுப்பினர் நிலையிலிருந்து ஒரு சுமைநிலைக்குத் தள்ளப்படுகிறார். சுமையைத் தூக்குவதா, இறக்குவதா என்று பேசலாம். சுமையிடம் கருத்துக் கேட்பார் இலர்.

தொலைபேசியில் கிடைத்த கானா, தான் விலகிவிட விரும்புவதாகவே முதலில் கூறுகிறாள். சொல்லை மட்டும் கேட்பவர் இத்துடன் நின்றிருப்பர். ஷிஹோவின் முடிவே செயற்பட்டிருக்கும். ஹருகாவும் தோழியரும் மழையில் அவளைத் தேடிச் செல்கின்றனர். நேரில் கண்டபோதுதான், மனச்சோர்வால் மிகுதியாக உண்டு உடல் பருத்தமையும், அதனால் ஏற்பட்ட நாணமும், உள்ளே அணையாது நின்ற ஆடும் விருப்பமும் வெளிப்படுகின்றன. விலகுகிறேன் என்ற சொல்லின் பொருள் விலக விரும்புகிறேன் என்பதன்று. உங்கள் முன் நிற்க நாணுகிறேன் என்பதே. கேட்டறிதல் என்பது சொல்லைச் செவியேற்பதோடு முடிவதன்று, சொல்லுக்குப் பின்னுள்ள நிலையை அறிவதும் அதனுள் அடங்கும் என்பதைப் படம் இவ்வாறு உணர்த்துகிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நேரில் கண்டபோதும் கானா உறுதியாக விலகவே விரும்பியிருந்தால்? அவ்வாறாயின் அவளை விடுவிப்பதே அறம். அப்போதும் ஹருகாவின் செயல் தவறாகியிருக்காது. அவள் செயலின் அறத்தன்மை கானா திரும்பியதில் இல்லை. அவளைக் கேளாமல் முடிவு செய்யாமையில் உள்ளது. இதனாலேயே மூன்றாவது விடை ஏனையவற்றினும் உறுதியானது எனலாம்.

கண்ணோட்டமும் கருமமும்

பொருட்பாலின் அரசியலில் 51, 52-ஆம் அதிகாரங்களாகத் தெரிந்துதெளிதலும் தெரிந்துவினையாடலும் அமைய, 58-ஆம் அதிகாரமாகக் கண்ணோட்டம் அமைகிறது. ஷிஹோவின் அறமும் ஹருகாவின் அறமும் ஒரே இயலில், ஒரே தலைவனுக்கு விதிக்கப்படுகின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நீக்கும் நோக்கம் வள்ளுவர்க்கு இல்லை என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். இந்நூலைச் சப்பானிய மொழியில் சுசோ மத்சுனகா 1981-இலும், தகநோபு தகஹாஷி 1999-இலும் பெயர்த்துள்ளனர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. எனினும் இப்படத்தின் மீது குறளின் தாக்கம் உண்டு என்று கூறுவதற்கில்லை. ஒரே வினாவை இரு மரபுகள் தனித்தனியே எதிர்கொண்டுள்ளன என்பதே பொருந்தும்.

பரிமேலழகர் கண்ணோட்டத்தைத் தன்னோடு பழகியவர் கூறியதை மறுக்கமாட்டாமை என்று விளக்கி, அவர்மேல் கண் ஓடியவழி நிகழ்வதால் இப்பெயர் பெற்றது என்று காரணமும் கூறுகிறார். இவ்விளக்கத்தை மட்டும் கொண்டால் கண்ணோட்டம் வேண்டியவர்பால் சாயும் ஒருதலைப் பற்றாகிவிடும் இடருண்டு. அவ்விடரை வள்ளுவர் அறிந்திருந்தார். ஆதலால்தான் அவ்வதிகாரத்தின் எட்டாம் குறளில், தமக்குரிய கருமம் கெடாத வகையில் கண்ணோட்டம் செலுத்த வல்லவர்க்கே உலகம் உரியது என்று வரையறுத்தார். கருமம் கெடும் என்பதால் கண்ணோட்டத்தைக் கைவிடுக என்றோ, கண்ணோட்டத்தின் பொருட்டுக் கருமம் கெடுவதாயினும் கெடுக என்றோ அவர் கூறவில்லை. இரண்டையும் ஒருசேரக் காக்கும் வன்மையை வேண்டினார். அவ்வன்மை உள்ளத்தின் மென்மையால் மட்டும் வருவதன்று, திறத்தால் வருவது. வழி தேடுவதும், உழைப்பை மிகுதியாக ஏற்பதும், ஏனையோரை இசைவிப்பதும் அத்திறத்தின் கூறுகள். இரக்கத்தின் விலையைப் பிறர்மேல் ஏற்றிவிடாமல் தானும் சுமப்பவரே இக்குறள் கருதும் தலைவர்.

அதே அதிகாரத்தில் வள்ளுவர் கண்ணோட்டத்திற்கு இசையிலிருந்து உவமை எடுப்பது இப்பொருளுக்கு மேலும் ஒளி தருகிறது. பாடலோடு பொருந்தாத பண்ணால் பயன் இல்லாததுபோல், கண்ணோட்டம் இல்லாத கண்ணாலும் பயன் இல்லை என்பது அவர் கருத்து. பண்ணின் தனிச்சிறப்பு பொருத்தத்தில் உள்ளது. ஆட்டத்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும், உடன் ஆடுவோரோடு பொருந்தாதபோது அது குழு ஆட்டமாவதில்லை. ஷிஹோவின் திறன் குறையுடையதன்று. அது தன்னைச் சூழ்ந்தோரோடு இன்னும் பொருந்தாதிருந்தது.

படத்தின் உச்சக்காட்சியாகக் கொள்ளத்தக்கது இறுதி இசைநிகழ்ச்சியன்று. அதற்கு முன் ஆளற்ற பேரரங்கில் நிகழும் உரையாடலே ஆகும். ஹருகா அனைவரையும் அங்கு அழைத்து வருகிறாள். வெற்று இருக்கைகளை நோக்கி, பின்வரிசை வரை தனக்கு நன்றாகத் தெரிகிறது என்று உரத்துக் கூவுகிறாள். இதுகாறும் நிகழ்ந்தவற்றுள் எதுவொன்று குறைந்திருப்பினும் தாங்கள் இங்கு வந்திருக்க இயலாது என்றும், ஆதலின் இங்குள்ள அனைவரோடும் இந்நிகழ்ச்சியை நடத்தவே தான் விரும்புவதாகவும் கூறுகிறாள். கடைசி இருக்கைவரை ஓடும் கண்ணே கடைசியில் நின்ற கானாவையும் கண்டது. காண்போர்க்கு உரிய கடப்பாடும் உடனாடுவோர்க்கு உரிய கடப்பாடும் இவ்வாறு ஒரே பார்வையில் இணைகின்றன. தொலைவில் உள்ளவரைக் காணப் பழகிய கண் அருகில் தளர்ந்தவரைக் காணாதிருப்பின், அது தொலைவில் உள்ளவரையும் உண்மையில் கண்டதாகாது.

படத்தின் எல்லைகள்

இப்படைப்பின் சிறப்பை ஏற்கும்போதே அதன் எல்லைகளையும் சுட்டுதல் ஆய்வுக்குரிய கடமையாகும்.

முதலாவதாக, கதையில் கண்ணோட்டத்திற்கு விலை செலுத்த நேரவில்லை. கானா திரும்புகிறாள், நிகழ்ச்சி சிறக்கிறது, ஷிஹோவும் மனம் மாறுகிறாள். இரு அறங்களும் மோதும் இடத்தில் எதையும் இழக்காமல் இரண்டையும் பெறுவது வாழ்வில் எப்போதும் வாய்ப்பதில்லை. கானா திரும்பியும் ஆட்டம் கைவராது, நிகழ்ச்சி பழுதுற்றிருந்தால் ஹருகாவின் முடிவை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவைப் படம் எழுப்பவில்லை. கேட்டறியும் கடமை அப்போதும் மாறாது. ஆனால் கேட்டறிந்த பின், இடமில்லை என்று அன்போடு சொல்லும் கடமையும் தலைமைக்கு உண்டு. அக்கடுமையான கூற்றைச் சொல்லும் சூழல் ஹருகாவுக்கு வரவில்லை.

இரண்டாவதாக, குறைபாடும் அதனை வெல்லும் போராட்டமும் ஐடல் கலையில் சுவைப்பொருள் என்பது முன்னர்ச் சுட்டப்பட்டது. அவ்வாறாயின் பின்தங்கியவளின் கண்ணீரும் விற்பனைப் பொருளாகிவிடும். கானாவின் தளர்ச்சி அவளுக்குத் துன்பம், திரையில் காண்போர்க்கு உருக்கம், தயாரிப்போர்க்கு வருவாய். கண்ணோட்டத்தைப் பேசும் படைப்பே கண்ணீரைக் காட்சிப்பொருளாக்குகிறது என்னும் முரணிலிருந்து இப்படம் முற்றாக விடுபடவில்லை.

மூன்றாவதாக, குழுவினர்க்குள் நிகழும் அறத்தை மட்டுமே படம் பேசுகிறது. குழுவை நடத்தும் நிறுவனத்தின் அறத்தைப் பேசவில்லை. இப்படத்தில் தயாரிப்பாளர் நல்லவர். உண்மை உலகில் ஐடல்களின் தனிவாழ்வைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் வழக்குமன்றம் வரை சென்றுள்ளன. காதல் உறவுத் தடையை மீறிய ஐடல் ஒருவர் இழப்பீடு தர வேண்டும் என்று 2015-இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றொரு வழக்கில் 2016 சனவரியில், அத்தகைய தடை மிகையானது என்று கருதி அதே நீதிமன்றம் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. சதோஷி கோன் இயக்கிய ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ (1997) என்னும் அசைவூட்டப்படம், ஐடல் நிலையிலிருந்து நடிகையாக மாறும் பெண்ணின் உள்ளம் பிறர் நோக்கால் சிதைவதைக் காட்டிற்று. அங்குக் கண் ஓடுவது அருளால் அன்று, ஆட்கொள்ளும் வேட்கையால். ஒரே தொழிலின் இருண்ட பக்கத்தை அப்படமும் ஒளிமிகு பக்கத்தை இப்படமும் தீட்டின. இரண்டையும் உடன்வைத்து நோக்கினாலன்றி உண்மை நிறைவுறாது.

முடிவுரை

பின்தங்கியவர்க்குக் கூட்டம் பட்டிருப்பது யாது என்னும் வினாவுக்கு இவ்வாய்வால் பெறப்படும் விடைகள் பின்வருமாறு அமைகின்றன.

செயலில் இடம்பெறுதல் என்பது இரக்கத்தால் எவர்க்கும் உரிமையாகிவிடாது. செயலின் நிறைவும், உழைத்தவர்க்குரிய நீதியும், காண்போர்க்குரிய கடப்பாடும் ஏற்கத்தக்க அறங்களே; அவற்றை முன்வைத்த ஷிஹோவின் தரப்பு தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒருவரைப் பற்றிய முடிவை அவரைக் கேளாமல் எடுப்பது, அவரை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கிவிட்டு, பின்னர் இடத்திலிருந்தும் நீக்குவதாகும். முதல் நீக்கத்திற்குத் தகுதியின்மை காரணமாகாது. எனவே கூட்டம் பின்தங்கியவர்க்குக் கட்டாயமாகப் பட்டிருப்பது இடமன்று, செவி. அச்செவி சொல்லோடு நில்லாது சொல்லின் பின்னுள்ள நிலைவரை செல்லுதல் வேண்டும்.

கேட்டறிந்தபின், கருமம் கெடாமல் அவரையும் உடன்கொண்டு செல்ல வழியிருப்பின் அவ்வழியைத் தேடுவது தலைமையின் திறம். வழி இல்லையெனின் அதனை அவர் முகம்நோக்கிக் கூறுவதும் அத்திறத்தின் பகுதியே. இரண்டிலும் முகம்நோக்குதல் பொது. கண்ணோட்டம் என்னும் சொல்லில் கண் அமைந்திருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும். தளர்ந்தவரைக் காணாமலே முடிவு செய்யும் கூட்டம் விரைவாகச் சென்றடையலாம். சென்றடைந்தபோது அது முன்னிருந்த கூட்டமாக இருக்குமா என்பது வேறு வினா. ஆளற்ற அரங்கில் நின்ற இளம்பெண் பின்வரிசையை நோக்கிக் கூவியது அவ்வினாவுக்கு அவள் அளித்த விடையாகும்.